குளவியின் மீசை நுனி

எங்கள் அத்தைக்குத் தெருவில் 'அசையாதீங்க' என்றுதான் பெயர். பேருந்துகள் திரும்பும் முனையில், மாடியில், அத்தையும் மாமாவும் ஸ்டூடியோ வைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிற ஒருவரையும் அத்தை அந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டதில்லை.

மனிதர்களை எடுத்து முடித்த நேரத்தில் அத்தை பூச்சிகளை எடுப்பார். ஒருமுறை பாஸ்போர்ட் படத்துக்கு வந்த பெண், சுவரிலிருந்த ஈயின் படத்தைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். அருங்காட்சியகத்தில் பூச்சிகளைப் பராமரிப்பவர் அவர். மறுவாரம் காலையில் அரிசி அளவே உள்ள ஒரு பச்சைக் குளவியைக் கொண்டுவந்தார். செத்துக் காய்ந்து சுருங்கியிருந்த கால்களும் மீசையும் விரிவதற்காக அதை ஈரத்தில் ஊறவைத்திருந்தார்.

"சாயங்காலம் வர்றேன். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் தெளிவா வந்துட்டா, எங்ககிட்ட இருக்கிற அத்தனையும் நீங்களே எடுங்க" என்றார்.

அத்தை வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட வேலை அது. அன்று சமைக்கக்கூட மறந்துபோனார்.

அவ்வளவு கிட்டத்தில் போனால், ஒரு படத்தில் ஒரு முடியின் பருமன் அளவுதான் தெளிவாக விழும். மற்றதெல்லாம் புகை. அதனால் கேமராத் தாங்கியின் திருகாணியைத் துளி திருப்பிக் கேமராவை நகர்த்தி ஒரு படம், இன்னும் துளி நகர்த்தி இன்னொரு படம் என்று எடுத்துக்கொண்டே போக வேண்டும். தெளிவான பகுதிகளைக் கம்ப்யூட்டர் பொறுக்கி ஒன்றாக்கிவிடும். நடுவில் எதுவும் அசையக் கூடாது. கீழே பேருந்து திரும்பினால் மாடியே நடுங்கும். அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு நடுக்கம் அடங்கும்வரை காத்திருப்பார். மின்விசிறி கிடையாது. வாடிக்கையாளர்கள் ஏறிவிடாமல் மாமா படிக்கட்டை அடைத்து உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு என்னைக்காவது இத்தனை படம் எடுத்திருக்கியா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"நீங்க அசையாம இருந்தாத்தானே."

மதியம் கேமராவைக் கழற்றிவிட்டு, படங்களைச் சேர்த்துப் பார்த்தபோது அத்தையின் முகம் வாடிவிட்டது. கண் அற்புதமாக இருந்தது. முதுகும் வாலும் இருந்தன. ஆனால் கண்ணுக்கு முன்னால் நீட்டியிருந்த மீசை முழுதும் புகை.

தப்பு எங்கே என்று அத்தைக்கு உடனே புரிந்தது. முகம் எடுக்கிறவர்கள் முதலில் கண்ணைத்தான் தெளிவாக்குவார்கள். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் குளவியின் கண்ணிலிருந்தே தொடங்கியிருந்தார். மீசைக்கு மட்டும் எடுத்துச் சேர்க்கவும் வழியில்லை. ஈரம் காயக் காய மீசை மெல்லக் கீழே மடங்கிக்கொண்டிருந்தது.

"விட்டுடேன், அவங்ககிட்ட சொல்லிக்கலாம்" என்றார் மாமா.

அத்தை காதிலேயே வாங்கவில்லை. சூடு படாமல் விளக்கைத் தள்ளிவைத்தார். வெளிச்சம் குறைந்ததால் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் ஆகும்; பேருந்துகளுக்கு நடுவே கிடைக்கும் அமைதிக்குள் அதை முடிக்க வேண்டும். இம்முறை மீசை நுனிக்கும் முன்னால், வெறும் காற்றில் தொடங்கினார். முதல் படத்தில் பச்சைப் புகை தவிர ஒன்றுமில்லை. பிறகு ஊசிமுனை போல ஒரு புள்ளி தெளிந்தது. அங்கிருந்து மீசை கணுக்கணுவாக வெளியே வந்தது. மடங்கும் மீசையை முந்திக்கொண்டு அத்தையின் விரல்கள் திருகாணியைத் திருப்பின. கண்ணைத் தாண்டிய பிறகுதான் தோளைத் தளர்த்தினார்.

சாயங்காலம் அந்தப் பெண் வந்தபோது குளவி திரை முழுவதும் நின்றது. முதுகெல்லாம் சுத்தியலால் தட்டியது போலக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு நிறம், பச்சை, நீலம், செம்பு. மீசை நுனியின் மெல்லிய ரோமங்களைக்கூட எண்ணிவிடலாம். அவர் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இது நான் குடுத்ததுதானா?" என்று கேட்டார். பிறகு, "நாளைக்கு வண்டுப் பெட்டியோட வர்றேன்" என்றார்.

அத்தை தலையை மட்டும் ஆட்டினார். அவர் திரையில் குளவியின் பின்னங்காலைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். ரோமங்களுக்கு நடுவே மஞ்சளாக ஓர் உருண்டை.

"இங்க பாருங்க," என்றார். "மகரந்தம். கடைசியா ஏதோ பூவுக்குப் போயிட்டு வந்திருக்கு."

இரண்டு பேரும் திரைமேல் குனிந்துகொண்டார்கள்.