ஸ்டட் கழன்ற மத்தியானம்

சூடேறிய இரும்பில் மெழுகுவத்தி உருகும் வாசனை எனக்கு இன்றுவரை ஆகாது. மெழுகுவத்தி ஏற்றுகிற இடத்தில் நான் நிற்பதில்லை. கேட்பவர்களிடம் தலைவலி என்று சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரரை நினைத்தாலே முதலில் அந்த வாசனைதான் வருகிறது. பாவம், அதற்கு அவர் என்ன செய்வார்.

அப்போது நாங்கள் ஜொகூர் பாருக்கு வடக்கே, செடெனாக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் பால் வெட்டினேன்; அவர் பால் ஸ்டோரில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர். எங்களுக்கெல்லாம் மருந்து கொடுத்த தோட்டத்து டிரசர் ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். அவர் லீவில் போனபோது, வண்டி மழையில் நனைந்துவிடுமே என்று எங்கள் ஆட்கள் பாசத்தோடு அதைத் தள்ளிக்கொண்டு போய் ஸ்டோருக்குள் நிறுத்தினார்கள். எங்கே? பாலை உறைய வைக்கும் ஆசிட் ஜாடிகளுக்குப் பக்கத்தில். அந்த ஆவி பட்டால் இரும்பு என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாக்கு வேறு போட்டு மூடினார்கள், வண்டிக்குக் குளிருமாம்.

டிரசர் திரும்பி வந்த வாரம் என் மகளுக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதே. "ஜொகூர் பாருல ஊசி மருந்து இருக்கு, சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்துடறேன்" என்று டிரசர் வண்டியை எடுத்தார். துரையின் காரும் தோட்டத்து லாரியும் சிங்கப்பூர் போயிருந்தன. காலை ரயிலும் போய்விட்டது. உதைத்து உதைத்துப் பார்த்தும் வண்டி பிடிக்கவில்லை. இன்ஜின் மூடியின் இடுக்கில் காற்று கசிந்தது. முடுக்கிப் பார்த்தார். மூடியைப் பிடித்திருந்த ஸ்டட், தலையில்லாத போல்ட் மாதிரி இருக்கும், துருவேறி இறுகிக் கிடந்தது, பாதியில் முறிந்துவிட்டது. மீதித் துண்டு இன்ஜினுக்குள்ளேயே நின்றுபோனது.

என் வீட்டுக்காரர் வண்டியை எங்கள் வாசலுக்கே தள்ளிக்கொண்டு வந்தார். மகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான். மூடியைக் கழற்றி, ஊது விளக்கால் சூடாக்கி, மெழுகுவத்தியை அந்தத் துண்டில் தொட்டு உருகவிட்டார். மெழுகு மரைக்குள் இறங்கினால் பிடி இளகுமாம். பிறகு கையால் சுற்றும் டிரில்லை வைத்துத் துண்டின் நடுவில் துளை போட்டார். பழைய அரத்தின் கூர் வாலை அதில் அடித்து இறக்கி, ஸ்பானரால் இம்மி இம்மியாகத் திருப்பினார். மகா கோபக்காரர் அவர். சோற்றில் ஒரு கல் கிடந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். அன்றைக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "அரம் உள்ள ஒடைஞ்சிச்சுன்னா அவ்ளோதான். யாரும் என்னைக் கூப்பிடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் உள்ளே மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சு விசில் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. அப்புறம் இழுக்கவில்லை. வெளியே ஸ்பானர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓவென்று கத்தத் தோன்றியது. ஆனால் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்கு நடுவே ஒற்றைப் பலகைதான். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பையன் இருமுவது காதில் விழுந்தது. நான் வாயைத் திறந்தால் இவர் கை நடுங்கும், அரம் உடையும், வண்டி போகாது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"வந்துருச்சுங்க ஐயா, வந்துருச்சு" என்று டிரசரிடம் இவர் சொல்வது கேட்டது. ஸ்டோரிலிருந்து எடுத்து வைத்திருந்த வேறு ஸ்டட்டை மாட்டி, மூடியை முடுக்கி, டிரசர் கிளம்பிப் போகும்வரை நான் அசையவில்லை. ஊசி மருந்து வந்தது, அந்தப் பையன் பிழைத்தான். இப்போது பேரப்பிள்ளைகளும் எடுத்துவிட்டான். தீபாவளிக்கு வந்து காலில் விழுவான், வாய் நிறைய அம்மா என்பான். நல்லா இரு என்றுதான் மனசாரச் சொல்வேன். அவன் போன பிறகு என் மகளுக்கு இப்போது என்ன வயசிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கிடப்பேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அன்று வண்டிச் சத்தம் தேய்ந்ததும் என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். கையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் சிரிப்பு. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"எப்ப?" என்றார்.

"இப்பத்தாங்க."

குனிந்து மகளின் கையைப் பிடித்தார். அது எப்போதோ சில்லிட்டுப் போயிருந்தது. வெகுநேரம் அந்தக் கையை விடவே இல்லை.

"ஆமா," என்றார், "இப்பத்தான்."