பந்தல் முடியும் இடம்

நீளப் படம் எடுக்கிறவனுக்குக் கேமராவைத் திருப்பத் தெரிந்தால் போதும், எங்கே நிறுத்துவது என்பதை வாடிக்கையாளர்களே பார்த்துக்கொள்வார்கள். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அலையும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? முக்காலியை நட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வரிசையாகப் படங்கள் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று ஒட்டி, பிசிறடித்த ஓரங்களை வெட்டினால் ஒரு மலைத்தொடர் அப்படியே சுவருக்கு வந்துவிடும். கம்பத்தில் கடை போட்டு நான் செய்யும் பிழைப்பு இதுதான். கல்யாண ஆல்பமும் உண்டு, அது வயிற்றுக்கு. இது எனக்கு. திருப்பும்போது சுகமாக இருக்கும். வெட்டும்போதுதான் வம்பு வரும்.

சிகரத்துக்கு இடமாற்றம்

உத்தமபாளையத்தில் புதிதாக லாட்ஜ் கட்டியவர் ஒருவர், வரவேற்பறைச் சுவர் முழுக்க மேகமலை வேண்டும் என்றார். மழை விட்ட ஒரு காலையில் போய் எடுத்தேன். மலை மடிப்புகளில் மேகம் எழுந்திருக்க மனமில்லாமல் படுத்துக் கிடந்தது. எனக்கும் அங்கிருந்து கிளம்ப மனமில்லை. வந்த வேலையை மறந்து, வாயைத் திறந்தபடி நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிரிண்ட் போடுமுன் சுவரை அளக்கப் போனால், மலையின் உச்சி வரவேண்டிய இடத்தில் ஏ.சி. பெட்டி உட்கார்ந்திருக்கிறது. அதை நகர்த்தச் சுவரை உடைக்க வேண்டும். லாட்ஜ்காரர் சுவரைப் பார்த்தார், என் லேப்டாப்பைப் பார்த்தார், ரொம்ப யோசித்துவிட்டுச் சொன்னார்: "அந்தச் சிகரத்த மட்டும் ஒரு நாலடி கிழக்க தள்ளி வைங்க தம்பி, யாரு வந்து அளக்கப் போறாக?"

போதும் என்று சொல்லாதவர்

பெருமாள்சாமி அண்ணாச்சி மலையடிவாரத்தில் திராட்சை போட்டிருப்பவர். அவருடைய மகள் சுகந்திக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. தேனி மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கும் குடும்பம். பெண்ணைப் பிடித்துவிட்டதாம். பேச்சுவாக்கில் தோட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நேரில் பார்க்க வருமுன் ஒரு படம் அனுப்பிவிட வேண்டும் என்று அண்ணாச்சி என்னை விடியற்காலையிலேயே ஒரு பாறைமேல் ஏற்றிவிட்டார்.

ஏறிய பிறகு அவரை மன்னித்தேன். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் பனிமூட்டம். அது விலக விலக, பந்தல் பந்தலாகத் திராட்சை இலைகள் பச்சையாக வெளியே வந்தன. பந்தலுக்கு ஒரு விசேஷம் உண்டு. கீழே நடந்தால் கல்தூணும் வரப்பும் தெரியும், இது இன்னார் தோட்டம் என்று சொல்லிவிடலாம். மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே விரிப்புதான். எது யாருடையது என்று கடவுளே இறங்கி வந்தாலும் வி.ஏ.ஓ.வைத்தான் கேட்க வேண்டும். "உங்க தோட்டம் எதுவரைக்கும் அண்ணாச்சி? எங்க நிறுத்தணும்?" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நீங்க பாட்டுக்குத் திருப்பிக்கிட்டே இருங்க தம்பி, நான் போதும்னு சொல்லவே மாட்டேன்."

கைகூப்பிய பதில்

படம் அருமையாக ஒட்டிக்கொண்டது. தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, நான் எடுத்ததிலேயே அதுதான் அழகு. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பச்சை, அதற்கு மேலே நீலமலை, நடுவே கலையாத மஞ்சு மூட்டம். கடையில் சீலிங் ஃபேன் சத்தத்தைக்கூட மறந்து, அந்தப் பச்சையின் மேல் நடந்து போவதுபோல ஒரு நினைப்பில் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணாச்சி பார்த்தார், பூரித்தார், உடனே தேனிக்கு அனுப்பினார். அங்கிருந்து மாப்பிள்ளையின் அப்பா கேட்டது: "அம்புட்டும் உங்களுதா?" அண்ணாச்சி அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு கை கூப்பிய பொம்மையை மட்டும் அனுப்பிவைத்தார். அவருடைய பங்கு அந்தப் பச்சையில் ஒரு கீற்று. "அண்ணாச்சி, நேர்ல வந்து பாத்தா?" என்று இழுத்தேன். "நான் ஒண்ணும் பொய் சொல்லலையே தம்பி, பாக்குறவுக என்ன நினைக்கிறாகளோ நினைச்சுக்கிடட்டும்."

யார் பட்டாவிலும் இல்லாதது

மறுநாள் சுகந்தி வந்தாள். பக்கத்துத் தெருவில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே வந்து, அந்தப் படத்தைத் திறக்கச் சொன்னாள். "நேர்ல வந்து குறைச்சலாப் பாத்தா, அப்பாவ ஒரு நா பேசுவாக. என்னைய ஆயுசுக்கும் பேசுவாக. வெட்டிருங்கண்ணே" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, அந்தப் பிள்ளைமேல் அல்ல, என் படத்துக்காக. "ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டாத்தானம்மா படம் மூச்சு விடும்" என்று தொழில் பாஷையில் கெஞ்சினேன். அவள் கேட்கவில்லை. இடது பக்கம் பந்தலுக்கு மேலே தலை நீட்டிய, சுண்ணாம்பு அடித்த ஒரு கல்தூண். "அதோட சரி." வலது பக்கம் ஒரு வேப்பமரம், படத்துக்கே அழகு அதுதான். "அது பெரியப்பா வீட்டுது. வேணாம்." வெட்டி முடித்தால், என் பள்ளத்தாக்கு மளிகைக் கடை காலண்டர்போல ஒடுங்கி நெட்டையாக நின்றது. அளவாவது சரியாக இருக்கட்டுமே என்று மேல்பக்கத்தையும் குறைக்கப் போனேன். அவள் சட்டென்று திரையில் கையை வைத்து மறைத்தாள். "மேல வெட்டாதீகண்ணே, மலையும் மஞ்சும் யாரு பட்டாவுலயும் இல்ல."

வாங்கிக் கட்டிக்கொண்டது

அந்தப் படத்தை அவளே மாப்பிள்ளைக்கு அனுப்பினாள். கீழே இரண்டே வார்த்தை: எங்களுது இவ்வளவுதான். பார்த்துவிட்டார் என்பதற்கு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. தோட்டம் பார்க்க வருவதாகச் சொன்ன நாள் நெருங்கியது. தேனியிலிருந்து ஒரு போன்கூட இல்லை.

விஷயம் தெரிந்து அண்ணாச்சி கடைக்கு வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். வாங்கி வைத்த டீ ஆடை கட்டிப்போயிற்று. யாரோ ஒருத்தர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தார், நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன். எனக்கு அழுகை வராத குறை. கடைசியில் அண்ணாச்சி எழுந்து, வாசலைப் பார்த்தபடியே சொன்னார்: "படத்தையா வெட்டுனீக? எம் மகளுக்கு வந்த நல்ல எடத்தையில்ல வெட்டிப்புட்டீக தம்பி."

தேனியிலிருந்து வந்தவர்

அதற்கு அடுத்த நாள் தூறிக்கொண்டிருந்தது. மலை கண்ணுக்கே தெரியவில்லை. எங்கே போயிருக்கும் என்று நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, நனைந்த சட்டையோடு ஒரு இளைஞர் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். சுகந்திக்குப் பேசியிருக்கிற சரவணன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். போனில் அந்த நெட்டைப் படத்தைக் காட்டி, "இத வெட்டுனது நீங்கதானாண்ணே?" என்றார். அடுத்த கச்சேரி ஆரம்பம் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஆமாம் என்றேன்.

"ரெண்டு நாளா பதில் போட முடியலண்ணே. வெறுங்கையோட எப்படிப் போடுறது?" என்றபடி வேறொரு படத்தை எடுத்தார். தேனி மார்க்கெட்டில் ஒரு கடைவரிசை. எதிர்க் கட்டட மாடியிலிருந்து போனைத் திருப்பித் திருப்பி எடுத்தது. ஷட்டர்கள் வில்லாக வளைந்திருந்தன. மூட்டை தூக்குகிற ஆள் ஒருவரே இரண்டு இடத்தில் நடந்துகொண்டிருந்தார். பெண் பார்த்துவிட்டு வந்த கையோடு இவருடைய அப்பா அண்ணாச்சிக்கு அனுப்பிய படமாம். நான் அதைக் கம்ப்யூட்டரில் போட்டதும் சரவணன் குனிந்து, திரையின் நடுவே விரலை வைத்தார். அவர் முகத்தில் வெட்கமும் சிரிப்பும் கலந்திருந்தன. "இதுல இந்த நீல ஷட்டர் மட்டுந்தாண்ணே எங்களுது, ரெண்டு பக்கமும் வெட்டிக் குடுங்க, அந்தப் பிள்ளைக்கு அனுப்பணும்."

கல்யாணத்தன்று இரண்டு வீட்டாரும் மேடையேறி நின்ற குரூப் போட்டோவில் மட்டும் யாரும் ஓரத்தை வெட்டச் சொல்லவில்லை, எனக்குத்தான் லென்ஸ் பத்தவில்லை.