துரையின் கேஸ் அடுப்பு

பேய், முனி என்று யாராவது கதை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். இதைப் படித்துவிட்டுக் கிழவன் உளறுகிறான் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். நடந்தது நடந்ததுதான்.

மலாயாவில் அவசரகாலத்தின் கடைசி வருஷங்கள். செமிலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தேன். குனோங் ஜெராய் மலைக்காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளைத் தேடிப் போகிற போலீஸ் கூட்டத்துக்குச் சாமான் தூக்க ஆள் கேட்டார்கள். மேனேஜர் என்னைக் காட்டினார். போனேன். வெள்ளைக்காரத் துரை ஒருவர், மலாய்க்காரப் போலீஸ் நாலு பேர், துரை பேசுவதை எனக்குத் தமிழில் சொல்லச் சின்னப்பன் என்கிற ஸ்பெஷல் கான்ஸ்டபிள். தோட்டத்து ஆள் எல்லாருமே காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கடத்துகிறவர்கள் என்பது சின்னப்பனின் எண்ணம். என்னைக் கண்டாலே ஆகாது.

சமையலும் என் தலையில்தான். காட்டில் விறகு எரிக்கக் கூடாது, புகை காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகத் துரை சொந்தமாக ஓர் அடுப்பு வைத்திருந்தார். பால் டின் போல ஒரு கேஸ் டின், அதன் தலையில் திருகுகிற பர்னர், அவ்வளவுதான். கனமே இருக்காது. பம்ப் அடிக்க வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டாம். திருகைத் திருப்பித் தீக்குச்சியைக் காட்டினால் நீலமாக எரியும். காற்றுக்கு மட்டும் ஆகாது, பைகளைச் சுற்றி வைத்து மறைக்க வேண்டும். எரிய எரிய டின் சில்லிட்டு வேர்க்கும். அது இயல்பு. நான் சொல்லப்போகிற குளிர் அது இல்லை.

முதல் நாள் சோறு வெந்ததும் ஒரு பிடி எடுத்து இலையில் வைத்து, முனியாண்டி என்றேன். வெளியில் எங்கே பொங்கினாலும் முதல் பிடி அவருக்கு என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். யோசிக்கவில்லை, கை தானாகச் செய்துவிட்டது. அந்த நாளில் தோட்டத்து வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி போனாலே ஜெயில். கேட்டில் பெண்களின் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட காலத்தில் காட்டில் சோறு வைத்தேன்.

"டேய், யாருக்குடா இது?" என்றார் சின்னப்பன்.

"சாமிக்கு, அண்ணே."

"உங்க சாமி துப்பாக்கி வச்சிருக்குதாலா? காட்டுக்காரனுக்குச் சோறு வச்சிட்டுச் சாமியாம்!"

துரையிடம் என்ன சொன்னாரோ, துரை வந்து இலையைப் பூட்ஸ் காலால் மிதித்துத் தேய்த்தார்.

"எறங்குனதும் செமிலிங் ஸ்டேஷன்ல உன்னை ஒப்படைக்கப் போறாராம். ஜெயிலு, இல்லாட்டி கப்பல்ல ஏத்தி ஊருக்கு. பொண்டாட்டி புள்ளைய லயத்து வீட்டுலேர்ந்து வெளிய தள்ளிடுவாங்க. சாமி வந்து பார்த்துக்கும்லா."

என் மகள் அப்போது கைக்குழந்தை.

மறுநாள் மத்தியானம் வேறொரு மேட்டில் அடுப்பைப் பற்றவைத்தேன். நன்றாகத்தான் எரிந்தது. அரிசி களைந்து போட்டு மூடினேன். நேரம் போனது. மூடியைத் திறந்தால் ஆவி இல்லை. விரலை விட்டேன். ஓடைத் தண்ணீர் போலக் குளிர்ந்தது.

"என்னடா பண்ணி வச்ச? பசியில போட்டுச் சாகடிக்கப் பாக்குறியா?" என்று சின்னப்பன் பிடரியில் ஒன்று வைத்தார். பிறகு தானே உட்கார்ந்து தீ சரியாக இருக்கிறதா என்று கையை நீட்டினார். அலறிக்கொண்டு இழுத்தார். விரல் கொப்பளித்துவிட்டது. கையைச் சுடுகிற தீ பாத்திரத்தைச் சுடவில்லை, நம்பினால் நம்புங்கள். துரை புது டின்னை மாட்டித் தானே பற்றவைத்தார். அதுவும் அப்படியே. ஆளுக்கு இரண்டு பிஸ்கட் தின்றோம். மலாய்க்காரர்கள் என் பக்கத்தில்கூட உட்காரவில்லை.

அடுத்த நாள் காலையில் சின்னப்பன் வந்தார். முகத்தைப் பார்க்காமல், "சாமிக்கு வைக்கச் சொல்றாரு தொரை" என்றார்.

"சோறு இல்லியே அண்ணே. வெந்தாத்தானே வைக்க?"

"அரிசிய வைடா."

ஈரத் தரையில் பச்சை இலை போட்டு ஒரு பிடி அரிசி வைத்தேன். இந்தத் தடவை பெயர் சொல்லவில்லை. அடுப்பைப் பற்றவைத்தேன். எல்லாரும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். டின் காலியாகித் தீ அணைந்தது. தொட்டுப் பார்த்தேன், அதே குளிர்.

ஒரு மலாய்க்காரர்தான் கையை நீட்டிக் காட்டினார். இலையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அரிசி வெந்து சோறாக இருந்தது. கீழே இலை வாடக்கூட இல்லை.

துரை அடுப்பைக் கையால் தொடாமல் காலால் பள்ளத்தில் தள்ளினார். இறங்கச் சொன்னார். இறங்கினோம்.

செமிலிங் ஸ்டேஷன் வாசலில் நின்றேன். துரை உள்ளே போகத் திரும்பியவர், நின்று சின்னப்பனிடம் ஏதோ சொன்னார்.

"வீட்டுக்குப் போவச் சொல்றாரு."

"ஸ்டேஷன் அண்ணே?"

"என்னன்னு சொல்லி ஒப்படைக்கிறது? போடா. திரும்பிப் பாக்காம போ."

போனேன். மகளைத் தூக்கிக்கொண்டு அன்று முழுக்கக் கீழே விடவில்லை.

முனியாண்டி எங்கள் தோட்டத்து எல்லைக்குக் காவல். அந்த மலை அவருடையது இல்லை. நான் யாரைக் கூப்பிட்டேன், யார் வந்தார், தெரியாது. அதைக்கூட விட்டுவிடலாம். சமைக்கிறவனுக்கு ஒரு கணக்குத் தெரியும். ஒரு பிடி அரிசி வெந்தால் மூன்று பிடி சோறு. அந்த இலையில் இருந்தது ஒரு பிடிதான். மீதியை நாங்கள் அத்தனை பேரும் பக்கத்தில் நிற்கும்போதே, சுடச்சுட, யாரோ தின்றிருக்கிறார்கள்.