கீழ்க்கட்டளையில் எடுத்த அறை

அப்போது நாங்கள் பொழிச்சலூரில் ஒரு மாடி அறையில் குடியிருந்தோம். நானும் என் மனைவியும்தான், குழந்தை இல்லை. பல்லாவரத்தில் ஒரு பாய் நடத்திய கடையில் கார்களுக்கு சீட் கவர் தைக்கும் வேலை எனக்கு. மழைக்காலத்தில் பிடித்த இருமல் வெயில் வந்தும் விடவில்லை. ஒருநாள் தைத்துக்கொண்டிருந்த ரெக்சின் மேல் ரத்தம் விழுந்தது. பாய் பார்த்துவிட்டார். அதைத் துடைத்துப் போட்டுவிட்டு, என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டி.பி. என்று சொன்னார்கள்.

வேலைக்குப் போக முடியவில்லை. படுத்தே கிடந்தேன். விஷயம் கீழ் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்காரர் அந்த ஊர்க்காரர், ஒரு காலத்தில் அங்கே பயிர் வைத்த குடும்பம். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். மாடிப்படியில் பாதி வரை ஏறி வந்து, அதற்கு மேல் வராமல், சுவரைப் பார்த்தபடி பேசினார்.

“வூட்ல சின்னப் பசங்க கீதுங்க. தப்பா நென்ச்சிக்காத. வேற எடம் பாத்துக்கோ.”

என் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து, சரி என்று மட்டும் சொன்னாள்.

பம்மலில் இருந்த அவள் அண்ணன் வீட்டுக்குப் போனோம். அங்கே எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அதில் எனக்கு வருத்தமில்லை, நியாயம்தான். ஆனால் இவளுக்கும் தனித் தட்டு வைத்தார்கள். பிறகு ஒரு காலையில் அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குக் கிளம்பினாள். யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. அன்றைக்கே இரண்டு பைகளை எடுத்துக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டோம்.

ஸ்டேஷனில் இருந்த நாட்களை அதிகம் சொல்ல விருப்பமில்லை. இவள் தூணில் சாய்ந்து, பைகளைக் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போலீஸ்காரர் வந்தால் எழுந்து, ரயிலுக்குக் காத்திருப்பவள் போல முன்னால் போய் நிற்பாள். எனக்குக் காய்ச்சல் ஏறி நினைவு தப்பியபோது யாரோ சேர்ந்து தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அந்த வார்டுக்கு ஒரு சபையிலிருந்து ஓர் அக்கா ஜெபம் செய்ய வருவார். நான் குன்றத்தூர் மலைக்குக் கிருத்திகை தவறாமல் போனவன். அவர் ஜெபிக்கும்போது கண்ணை மூட மாட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மனைவி வராந்தாவில் படுக்கிறாள் என்று தெரிந்ததும், தங்கள் சபை நடத்தும் இல்லத்தில் சொல்லி எங்களுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் ஆண்கள் இல்லம் சேலையூரில், பெண்கள் இல்லம் பெருங்களத்தூரில். கணவன் மனைவி சேர்ந்து தங்க வழியில்லை.

எங்கள் இல்லத்தைப் பார்த்துக்கொண்டவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாத்திரையை விழுங்கும் வரை எதிரில் நிற்பார். “உன் சாமிய நீ கும்புடு, எனக்கு ஒண்ணும் இல்ல. மாத்திரைய மட்டும் என் கண்ணு முன்னாடி போடு” என்பார்.

ஞாயிறு ஆராதனைக்கு இரண்டு இல்லத்தாரும் வருவோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முடிந்ததும் சாப்பாடு. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இருவரும் பேசலாம். முதலில் எல்லாம் அவள் அழுதுகொண்டே இருப்பாள். போகப்போக, பக்கவாதம் வந்து படுத்துவிட்ட ஓர் அம்மாவைத் தான் குளிப்பாட்டுவதையும், இல்லத்தின் சமையல் தன் கைக்கு வந்ததையும் சொல்ல ஆரம்பித்தாள். முகம் தெளிந்து வந்தது. நான்தான் அவளுக்கு நம்பிக்கை சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நோய் குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னதும் பாயிடம் போனேன். அவர் என் மெஷினைக் காற்று வரும்படி வாசல் பக்கம் மாற்றிப் போட்டார். சில மாதங்களில் கீழ்க்கட்டளையில் ஒரு மாடி அறை பிடித்தேன். எனக்கு இன்ன நோய் இருந்தது என்பதை முதலிலேயே சொல்லித்தான் எடுத்தேன். ஸ்டவ், கோரைப்பாய், குடம், அவளுக்கு ஒரு கண்ணாடி எல்லாம் வாங்கி வைத்துவிட்டு அவளை அழைத்து வந்தேன். பால் காய்ச்சினாள். சிரித்தாள் என்றுதான் ஞாபகம்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தேன். சமைக்கவில்லை. துணிகள் மூட்டையாகக் கட்டிக் கிடந்தன. பாத்திரங்கள் சாக்கில். அவள் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கார அம்மா மொட்டை மாடியில் வடாம் காயப்போடப் படியேறிப் போயிருக்கிறார், அவ்வளவுதான். சமாதானம் சொல்லி மூட்டையைப் பிரித்து வைத்தேன். அந்த வாரத்திலேயே மறுபடியும் கட்டினாள்.

“நான் அங்கயே போய்டறேன்” என்றாள். “நீ கோச்சிக்காத. யாராச்சும் படி ஏறினா காலி பண்ணச் சொல்லத்தான் வராங்கன்னு தோணுது. அங்க என்னய யாரும் போன்னு சொல்ல மாட்டாங்க.”

“நான் இருக்கேன் இல்ல?”

“அப்பவும் நீ இருந்தியே” என்றாள். குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

நானே பெருங்களத்தூருக்குக் கூட்டிப்போய் விட்டேன். அவள் உள்ளே நுழைந்ததும் படுக்கையில் இருந்த அந்த அம்மா அழுதார். இவள் பையைக் கீழே வைக்காமலே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். இத்தனை பாடுபட்டு உடம்பைத் தேற்றி, வேலையைத் தேடி, அறையைப் பிடித்தது இவளுக்காக. அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

சண்டை ஒன்றும் இல்லை. இன்றும் அவள் என் மனைவிதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கீழ்க்கட்டளைக்கு வருவாள். குழம்பு வைப்பாள், என் சட்டைகளைத் துவைத்துப் போடுவாள், மாத்திரை நிறுத்திய பிறகும் இருமல் வருகிறதா என்று கேட்பாள். இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவாள். பஸ் ஏற்றிவிட்டு வந்து, மீதிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைப்பேன்.