ஹில்ட்ரூட்டுக்கு ஒரு தேவைச் சான்று

நியூரம்பெர்க் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இறைச்சிக் கடையில் வேலை பார்க்கும் ஹில்ட்ரூட்டின் வாய்க்குப் பயப்படாதவர்கள் ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தில் யாரும் இல்லை. பாயிண்ட் இருபத்திரண்டு என்ற சின்னத் தோட்டாப் போட்டிக் கைத்துப்பாக்கியால் பத்தொன்பது வருடமாக இலக்கு அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டிருப்பவள். பெரிய தோட்டா சுடும் அணியின் மூன்றாவது ஆள் மூட்டுவலி என்று விலகிக்கொள்ள, அந்த இடம் அவளைத் தேடி வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் இன்னொரு முறை இப்படி யாரும் கூப்பிடப் போவதில்லை. வசந்தத்தில் மாவட்டப் போட்டி. அதற்குள் பெரிய தோட்டாவுக்கான பாயிண்ட் முப்பத்திரண்டு கையில் இருந்தாக வேண்டும்.

"இன்னொண்ணு வாங்கிடுங்களேன்" என்றார் துப்பாக்கிக் கடைக்காரர். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குழலையும் மேல்பாகத்தையும் மட்டும் மாற்றினால் போதும்; விசையும் பிடியும் பழையதாகவே இருக்கும். அந்த மரப்பிடி, இரண்டு குளிர்காலம் சமையலறையில் உட்கார்ந்து அவளே அரம் போட்டுத் தன் கைக்கு இழைத்தது.

இங்கேதான் சட்டம் தன் வேலையைக் காட்டியது. பெரிய துப்பாக்கி வைத்திருப்பவர் அதற்குச் சின்னக் குழல் வாங்கினால் முன்அனுமதி வேண்டியதில்லை. சின்னது வைத்திருப்பவர் பெரிய குழல் கேட்டாலோ, அது அவருக்குத் தேவைதான் என்று சங்கம் எழுதித் தர வேண்டும். ஒழுங்கான மனுஷியாகச் சின்னதில் தொடங்கியது அவள் செய்த தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, சங்கத் தலைவனைக் கல்யாணம் செய்துகொண்டது. எக்கார்ட் அவளை விட்டுவிட்டு பீர்கிட் என்ற வேறொருத்தியோடு போய் மூன்று வருடம் ஆகிறது. தலைவர் பதவியை மட்டும் அவன் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கக் கூடத்தில் பீர்க் குவளைகளுக்கு நடுவே தேவைச் சான்றுப் படிவத்தை எக்கார்ட் முன்னால் போட்டாள்.

"எதுக்கு ஹில்டே பழசைப் போட்டு மாத்திக்கிட்டு? புதுசா ஒண்ணு வாங்கிக்கயேன். பழைய உடம்பு அந்த வேகத்தைத் தாங்காது" என்றான் எக்கார்ட்.

"ஆமாமா, அந்த விஷயத்துல உனக்கு அனுபவம் ஜாஸ்தி."

கூடமே சிரித்தது. அணியின் மூத்தவர் வென்ட்சலுக்கு பீர் மூக்கு வழியாக வந்துவிட்டது.

எக்கார்ட்டுக்குக் காது சிவந்தது. "சங்கத்துப் பெரிய துப்பாக்கி பீரோவுல சும்மாத்தானே கெடக்கு? அதுல சுடு. தேவைன்னு நான் எழுத முடியாது."

"அதோட பிடி உங்க ஆம்பளைங்க கரடிக் கைக்குச் செஞ்சது. என் கையில நிக்காது."

"மத்தவங்கல்லாம் சுடல?"

"எழுத மனசில்லன்னு சொல்லு, போயிடறேன். இத்தனை பேர் முன்னாடி சொல்லு."

"எழுதிக் குடுத்துத் தொலைடா எக்கார்ட்" என்றார் வென்ட்சல். "அவ இல்லன்னா போட்டிக்கு நீயும் நானும் ரெண்டே பேரா போய் நிக்கணும். மானம் போயிடும்."

எக்கார்ட் பேனாவை எடுத்தான். 'தேவைக்கான காரணம்' என்ற இடத்தில் ஆறு வரி காலியாக இருந்தது.

"நல்லா யோசிச்சு எழுது. இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினியே, எனக்கு என்ன தேவைன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா?"

மறுபடியும் சிரிப்பு. அவன் இப்போதும் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எழுதினான். ஆறு வரி நிரம்பி ஓரத்திலும் ஏறியது. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தாளை அவள் பக்கம் தள்ளினான்.

ஹில்ட்ரூட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

'வலது மணிக்கட்டு பனியில் வழுக்கி முறிந்து கோணலாகக் கூடியது. குளிரில் வீங்கும். மோதிர விரல் மடங்காது. நடு விரலால்தான் இறுக்கிப் பிடிப்பார். வேறு பிடி கொடுத்தால் மூன்றாவது தோட்டாவிலேயே கை நடுங்கும். வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்ல மாட்டார்.'

விரல் மடங்காததை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. இறைச்சிக் கடை முதலாளிக்கே தெரியாது. கேட்டு வந்தது கைக்குக் கிடைத்துவிட்டது. ஆனாலும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே ஆத்திரமும்.

"இவ்வளவும் தெரியுமா உனக்கு?"

"தெரியாம என்ன?"

"நீ ஒரு மடையன், உனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நெனச்சுத்தான் எக்கார்ட், நான் உன்னை மன்னிச்சு விட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.