மாமா கொண்டுவந்த மடி மருந்து

என் தாய்மாமா பாண்டியில் ஒரு வெள்ளைக்கார மாட்டு டாக்டரிடம் வேலை பார்த்தார். பெட்டி தூக்குவதும் மாட்டைப் பிடித்துக்கொள்வதும்தான் வேலை. ஆனால் வில்லியனூர்ப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு வந்துவிட்டால் அவரே டாக்டர்.

ஒரு வருஷம் எங்கள் பசு கன்று போட்ட பத்தாம் நாள் அதன் மடி வீங்கிக் கல்லாகிவிட்டது. பால் திரிதிரியாக வந்தது. தங்கை அப்போது கைக்குழந்தை. அம்மாவுக்குப் பால் போதாததால் அந்தப் பசுவை நம்பித்தான் அவள் இருந்தாள். கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசியும் வீக்கம் இறங்கவில்லை. தெருவில் நாலைந்து வீட்டார் முறைவைத்துக் குழந்தைக்குப் பால் கொடுத்தார்கள்.

செய்தி கேட்டு மாமா ஒரு டப்பா நிறைய வெள்ளை மாத்திரையோடு வந்தார். டாக்டரிடம் கெஞ்சி வாங்கியதாம்.

"அக்கா, வேளைக்கு ஒரு கைப்பிடி. நாலு நாளு, நடுவுல நிறுத்தாத. டப்பா தீர்ற வரைக்கும் இந்த மாட்டுக்குத்தான், இன்னா?"

இரண்டாம் நாள் மடி இளகியது. மூன்றாம் நாள் பால் வெள்ளையாக இறங்கியது. அம்மா பசுவைத் தொட்டுக் கும்பிட்டாள். அதோடு மாத்திரையையும் நிறுத்திவிட்டாள். தேறிய மாட்டுக்கு எதற்கு மருந்து?

தெரு மாடுகள் அத்தனையையும் கறந்தவர் ஒருவரே. எங்கள் வீட்டில் கறந்துவிட்டு, அதே கையோடு அடுத்த வீட்டுக்குப் போவார். சில நாளில் மற்ற மாடுகளுக்கும் மடி வீங்கியது. "அண்ணி, ரெண்டே ரெண்டு குடேன்" என்று ஒவ்வொருவராக வந்தார்கள்.

"பாப்பாவுக்குப் பால் குடுத்தவங்க. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வருமா?" என்றாள் அம்மா. ஒரு வீட்டுக்கு இரண்டு, ஒரு வீட்டுக்கு மூன்று என்று கொடுத்தாள். வீக்கம் சற்று இறங்கும், மறுபடி ஏறும். அவர்களும் மறுபடி வருவார்கள். டப்பா காலியாயிற்று.

அடுத்த மாதம் எங்கள் பசுவுக்கே திரும்பவும் வந்தது. மாமா இன்னொரு டப்பா கொண்டுவந்தார். இந்த முறை மாமா சொன்னது பிசகாமல் அம்மா நாலு நாளும் கொடுத்தாள். மருந்து கேட்கவில்லை. பாலில் ரத்தம் வந்து, ஒரு காம்பு அடியோடு செத்துப்போனது.

மாமா வந்தபோது தெருக்காரர்கள் எங்கள் வாசலில் கூடியிருந்தார்கள்.

"இன்னா மச்சான், உங்க தொரை சுண்ணாம்புக் காளவா வெச்சிருக்காரா?" என்றார் அப்பா.

"அதே மருந்துதான்க்கா. சத்தியமா அதே மருந்து." மாமா அம்மாவைத்தான் பார்த்தார். அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சட்டென்று மாமா ஒரு மாத்திரையை வாயில் போட்டு மென்றார். "சுண்ணாம்புன்னா வாய் வேகணுமே? வெந்துச்சா?"

"யாராச்சும் ஒரு வெத்தல குடுங்கப்பா, சேத்து மெல்லட்டும்!" என்றது ஒரு குரல். தெருவே சிரித்தது.

பல வருஷம் கழித்து என் மாட்டுக்கு ஊசி போட வந்த டாக்டர் சொன்னார்: "பாதியில நிறுத்தினா கிருமி முழுசா சாவாது. தப்பிச்சது மருந்துக்குப் பழகிடும். அப்புறம் அதே மருந்தைக் கொட்டிக் குடுத்தாலும் கேக்காது. கறக்கிற கையோட அடுத்த மாட்டுக்கும் போயிடும்." நான் மாட்டைப் பிடித்தபடி நின்றிருந்தேன். அம்மாவின் நல்ல மனசு தெரு முழுக்க நோய்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. மாமா ஏமாற்றவில்லை. அதை அவரிடம் சொல்ல அப்போது அவர் உயிரோடு இல்லை.

அன்று வாசலில் சிரிப்பு ஓய்ந்ததும் மாமா சாப்பிடாமலே கிளம்பினார். தெருமுனைவரை நான் கூடப் போனேன்.

"நீ சொல்றா. அது சுண்ணாம்பா?"

எல்லோரும் சிரித்ததில் எனக்கும் குஷி. "ஆமா மாமா, சுண்ணாம்புதான்" என்றேன்.

மாமா திரும்பிக்கொண்டு துப்பினார். வாயைத் துடைத்தார், கண்ணையும் துடைத்தார். மாத்திரை அவ்வளவு கசப்பு போலிருக்கிறது என்று நினைத்தேன். வீட்டுக்கு ஓடி ஒரு துண்டு வெல்லம் எடுத்துவந்து, "வாயில போட்டுக்க மாமா, சரியாப் போயிடும்" என்று நீட்டினேன்.