ஆறு வயதுப் பிள்ளைகளின் பெஞ்சில் தூதா

பன்னிரண்டு வயது மகளை ஆறு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்துவிட்டார்கள் என்ற செய்தி ஈத்தோவுக்கு ஊற்றடியில்தான் தெரிந்தது. கம்பளி அலசிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"ஏண்டி ஈத்தோ, உன் மகளுக்கு மறுபடி பால்பல் முளைக்குதாமே?"

மற்றவர்கள் சிரித்தார்கள். ஈத்தோ குடத்தை நிரப்பாமலே வீட்டுக்குத் திரும்பினாள். தூதா அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மணிக்கட்டில் பள்ளிக்கூடத்தில் படிக்குத் தக்கபடி கட்டிவிட்ட சிவப்பு நாடா. ஏழு வயதுத் தம்பி ஸாயிதின் கையில் மஞ்சள். தம்பியே ஒரு படி மேலே போய்விட்டான் என்பதைச் சொல்ல எழுத்து எதற்கு, அந்த நாடா போதும்.

ஈத்தோ பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை. மேட்டு ஊரில் பிறந்து, பதினாறில் பஸ்ஸுவுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த அயித் ஊமானுக்கு வந்தாள். நான்கு பெற்றதில் இரண்டைப் பனிக்காலம் கொண்டுபோனது. விறகும் தறியும் மாடும் என்றே கை காய்த்துப்போனது. இந்தப் பெண்ணையாவது அந்தக் கட்டடத்துக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் வாழ்நாளில் பிடித்த பிடிவாதம். ஆறு வருடமாகப் பஸ்ஸுவோடு அதற்காக மல்லுக்கட்டியவள் அவள்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் புது முறை வந்திருந்தது. வயதைப் பார்த்துப் பாடம் கிடையாது. எந்தப் பிள்ளைக்கு எது தெரியுமோ அங்கிருந்து அதற்குத் தொடங்க வேண்டும். முறையைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். மூன்று வருடம் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த இடையன் மகன் ஒருவன், இரண்டே வாரத்தில் மாவு மூட்டையில் இருந்த எழுத்தைப் படித்துக் காட்டினான். நல்லதை நல்லது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் யாருக்கு எது தெரியும் என்று முதலில் பார்க்க வேண்டுமே. அதற்காக வாத்தியார் ஜவாத் ஒவ்வொரு பிள்ளையாகத் தனி அறைக்குள் கூப்பிட்டார். ஒருவர் சொல்லும் பதில் இன்னொருவர் காதில் விழக்கூடாது என்று கதவைச் சாத்தினார். ஒரு பக்கம் படிக்கச் சொன்னார், இரண்டு கணக்குக் கொடுத்தார், தெரிந்ததைக் கையிலிருந்த டேப்லெட்டில் குறித்துக்கொண்டார். ஆளுக்கு ஐந்து நிமிடம். கடற்கரைப் பட்டணத்திலிருந்து வந்து ஒரு மாதம் ஆகாத மனிதர். சாத்திய கதவுக்குள் அந்நிய ஆண் முன்னால் இந்த மலையில் வயசுக்கு வரப்போகிற பெண் வாய் திறக்கமாட்டாள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தூதா ஐந்து நிமிடமும் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுத்தே தெரியாதவள் என்று டேப்லெட்டில் ஏறிவிட்டது.

"ஒரு வார்த்தை படிச்சிருக்கக் கூடாதாடி?" என்று ஈத்தோ கேட்டாள்.

"நீதானேம்மா சொன்ன, கதவு சாத்தியிருந்தா தலையை நிமிராதே, வாயைத் திறக்காதேன்னு."

சொன்னது ஈத்தோதான். அவளுக்கு அவள் அம்மா சொன்னது.

திங்கட்கிழமைச் சந்தையில் ஆண்கள் பஸ்ஸுவைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறு வருடம் ஆட்டைக் கட்டி வைத்திருந்தால்கூட 'ம்மே' என்று கத்தக் கற்றிருக்கும் என்றானாம் ஒருவன். பஸ்ஸு அங்கிருந்தே மெக்னெஸ் பட்டணத்தில் இருக்கும் அக்கா ரப்ஹாவுக்குப் போன் போட்டான். வீட்டு வேலைக்குக் கையாளாகப் பெண்ணை அனுப்பு என்று அவள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை வேனில் தூதா வருவாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான்.

மறுநாள் காலையில் ஈத்தோ மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். வாத்தியாருக்கு மலைப்பேச்சு வராததால், சந்தையில் முட்டை விற்றுப் பழகிய அரபியில் நடந்ததைச் சொன்னாள். வாத்தியார் கெட்டவர் இல்லை. கேட்கக் கேட்க அவர் முகம் செத்துப்போனது. எழுந்துபோய்க் கதவை விரியத் திறந்து, அது சாத்திக்கொள்ளாமல் ஒரு கல்லை வைத்தார். ஈத்தோவை வாசற்படியில் உட்காரச் சொன்னார். தூதா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அம்மா முகத்தைப் பார்த்தபடி படித்தாள். ஒரு பக்கம் முடிந்தது, அடுத்த பக்கமும் முடிந்தது. வகுத்தல் கணக்கைக் கரும்பலகை பக்கம் போகாமல் மனசிலேயே போட்டுச் சொன்னாள். ஈத்தோவுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனாலும் மகள் எங்கேயும் தடுக்கி விழவில்லை என்பது புரிந்தது.

"பச்சை நாடாம்மா இவளுக்கு. எல்லாருக்கும் மேல," என்றார் வாத்தியார்.

"அப்ப மாத்திக் கட்டுங்க வாத்தியாரே."

அவர் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டதாம். அடுத்த சோதனைக்கு இன்னும் ஆறு வாரம், அதுவரை அது திறக்காது. மேலிடத்திலிருந்து பார்வையிட யாராவது வந்தால் பட்டியலில் உள்ளபடிதான் பிள்ளை உட்கார்ந்திருக்க வேண்டும். சிவப்பு பெஞ்சிலேயே இருக்கட்டும், பச்சைப் புத்தகத்தை நான் தனியாகச் சொல்லித் தருகிறேன் என்றார். அதற்கு மேல் அவர் கையில் ஒன்றும் இல்லை.

ஈத்தோ அதையே பெரிய வரமாக மடியில் கட்டிக்கொண்டு ஓடிவந்து கணவனிடம் சொன்னாள். பஸ்ஸு தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"நாளைக்கு அவ எந்த பெஞ்சுல உக்காருவா?"

"அதே பெஞ்சுதான். ஆனா புத்தகம்..."

"சந்தையில எவன் புத்தகத்தைப் பாக்குறான்? பெஞ்சத்தான் பாக்குறான். அக்காவுக்கு வாக்குக் குடுத்தாச்சு."

இரண்டு நாள் அவள் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. பட்டினி கிடந்தாள். தன் வெள்ளிக் காப்பைக் கழற்றி அவன் முன்னால் வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை. வாக்கு தவறிய ஆண் இந்த மலையில் கூட்டத்தில் உட்கார முடியாது. அது அவளுக்கும் தெரியும்.

வியாழன் விடிந்ததும் வேன் வந்து ஹாரன் அடித்தது. பஸ்ஸு மகளின் துணி மூட்டையைத் தூக்கினான். ஈத்தோ அதை அவன் கையிலிருந்து பிடுங்கித் தூதாவிடம் கொடுத்தாள். சால்வையில் முடிந்த தன் துணிகளோடு வேனில் ஏறி, பின் இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி பண்ற?"

"உங்க அக்காவுக்கு வேண்டியது ரெண்டு கை. எங்கிட்ட ரெண்டு கை இருக்கு. நீ குடுத்த வாக்கு கெடல."

"வீட்டை யாரு பாக்குறது?"

"நீ பாரு. ஆறு வாரந்தான். அவ பள்ளிக்கூடம் போகாத நாளு ஒண்ணு இருந்தாலும், நான் இந்த ஏத்தம் ஏறி வரமாட்டேன்."

வேனில் இருந்த ஆண்கள் வெளியே பார்த்துக்கொண்டார்கள். ஓட்டுநர் வண்டியை எடுத்தான்.

மூன்றாவது வளைவு திரும்பும்போதுதான் ஈத்தோவுக்கு அது உறைத்தது. தண்ணீரை யார் எடுப்பது? ரொட்டியை யார் சுடுவது? பஸ்ஸு பிறந்ததிலிருந்து குடம் தூக்கியவன் இல்லை. அந்த வேலையெல்லாம் யார் தலையில் இறங்கும்? மகளைக் காப்பாற்றுகிறேன் என்று வந்தவள், வீட்டையே அவள் தோளில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறாள். வண்டியை நிறுத்து என்று சொல்ல வாய் எடுத்தாள். நிறுத்தினால் தூதா அல்லவா ஏற வேண்டும்? வாயை மூடிக்கொண்டாள்.

ஐந்து நாள் ரப்ஹா வீட்டில் தரை துடைத்தாள், பாத்திரம் தேய்த்தாள். ஆறாம் நாள் மாடியில் துணி காயப்போடும்போது, ரப்ஹாவின் போனைக் கேட்டு வாங்கி வீட்டுக்குப் பேசினாள். ஸாயித் எடுத்தான்.

"அக்கா இன்னைக்குப் பள்ளிக்கூடம் வந்தாளாடா?"

"வந்தா. ரொட்டி சுட்டுட்டு வந்தா. பாதிப் பாடம் முடிஞ்சிருச்சு."

"நாளைக்கு?"

"நாளைக்கு மாடு கன்னு போடும்னு அப்பா சொல்றாரு. அக்கா பக்கத்துல இருக்கணுமாம்."

போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். பஸ்ஸு வாங்கினான்.

"மாட்டை நீ பாரு," என்றாள் ஈத்தோ.

அந்தப் பக்கம் மாடு கத்துவது கேட்டது.

"நாளைக்கு அவ போனாளான்னு நாளைக்குக் கேப்பேன். நாளன்னைக்கும் கேப்பேன். தினம் கேப்பேன்."

அவன் தொண்டையைச் செருமினான். ஏதோ சொல்ல வந்தான். அது முடியாது என்பதாக இருக்குமோ என்ற பயம் தாங்க முடியாமல், அவன் சொல்வதற்கு முன்னால் ஈத்தோ போனை அணைத்துவிட்டாள்.